தகடு கட்டிய தூண்டில்



வரலாறு என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் ஆண்டுகளுமே. தேர்வுக்கு அவை தேவைதான். ஆனால் அரசர்களுக்கு மட்டுமே வரலாறு உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. நாம் புழங்கும் மண்வெட்டிக்கு வரலாறு உண்டு. பால்வெட்டும் கத்திக்கு வரலாறு உண்டு. ஆற்றங்கரையில் பிள்ளைகள் போடும் தூண்டிலுக்கும் வரலாறு உண்டு. இன்று நாம் தூண்டிலின் வரலாற்றைக் காண்போம். அதிலும், அமெரிக்க நாட்டில் பாஸ் என்னும் மீனைப் பிடிப்பதற்கென்றே உண்டான ஒரு தூண்டிலை எடுத்துக்கொள்வோம்.

முதலில் அதன் உருவத்தை மனக்கண்ணால் பாருங்கள். முன்னால் ஈயத்தால் வார்த்த ஒரு சிறு தலை. அந்தத் தலையிலிருந்து பின்னோக்கி வளைந்து நிற்கும் ஒரு பெரிய முள். முள்ளை மறைத்தபடி தொங்கும் மெல்லிய இழைகளாலான ஒரு குஞ்சம். தலைக்கு முன்னே ஆறு மூலை கொண்ட ஒரு சிறு உலோகத் தகடு. ஈயத் தலையும் முள்ளும் ஒன்றாகச் சேர்ந்த தூண்டிலை ஆங்கிலேயர் ஜிக் என்பார்கள். அதில் தகடு சேர்ந்துவிட்டால் அது தகடு ஜிக். நீரில் எறிந்து இழுக்கும்போது எதிர்த்து வரும் தண்ணீர் அந்தத் தகட்டை இடமும் வலமும் தள்ளுகிறது. தகடு ஈயத் தலையில் மாறி மாறி மோதுகிறது. தூண்டில் முழுவதும் துடிக்கிறது. பிடித்திருப்பவரின் கைவரைக்கும் அந்தத் துடிப்பு வந்து சேருகிறது.

சாதாரணத் தகடு ஜிக் ஏறத்தாழ 10 கிராம் முதல் 14 கிராம் வரை எடையுள்ளது. ஆனால் மிகப் பெரிய மீனை மட்டுமே குறிவைப்பவர்கள் 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம் எடையும் அதற்கு மேலும் உள்ள பெரிய தகடு ஜிக்குகளைப் போடுகிறார்கள். அதன் பின்னால் கைநீள மீன் போன்ற ஒரு பிளாஸ்டிக் வாலையும் கோத்துவிடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு, இது தூண்டிலா, அல்லது ஒரு மீனுக்கான முழுச் சாப்பாடா என்று தோன்றும்.

மண்புழு இல்லை, தவளைக் குஞ்சு இல்லை, உயிருள்ள இரை எதுவுமே இல்லை. ஈயமும் இரும்பும் தகடும் இழையும்தான். இந்தப் பொய் இரையை மீன் ஏன் கவ்வுகிறது? இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? பெரிய பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்தவர்களா? இல்லை. ஒரு கடிகாரக்காரர், ஒரு தோல் வியாபாரி, ஒரு தேனீ வளர்ப்பவர், ஓர் இயந்திரத் தொழிலாளி ஆகிய இவர்கள்தாம் இந்த வரலாற்றின் நாயகர்கள். இதைத்தான் இன்றைய பேச்சில் நாம் முக்கியமாக மனத்தில் கொள்ளவேண்டும்.

பாஸ் மீன் எது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். நம் நாட்டில் சியாக்காப் மீனை ஆங்கிலத்தில் சொல்லும்போது பாஸ் என்ற சொல்லைச் சேர்ப்பது உண்டு. அது வேறு, இது வேறு. நாம் பேசுவது வட அமெரிக்காவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் நன்னீர் மீன். கரும்பாஸ் என்று அதனைக் குறிப்பிடலாம். அதில் பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ் என்று புகழ்பெற்ற இரண்டு வகைகள் உண்டு. பெருவாய்ப் பாஸ் பெயருக்கேற்ற பிறவி. அதன் வாய் கண்ணுக்கும் பின்னால் வரை கிழிந்திருக்கும். வாயைத் திறந்தால் தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சிவிடும். நம் குட்டைகளில் உள்ள விரால், தோமான் மீன்களைப் போலவே இதுவும் புல்லிலும் கட்டையிலும் மறைந்திருந்து பாயும். ஆண் மீன் கூடு கட்டி முட்டையையும் குஞ்சையும் காக்கும். மிகப் பெரிதாக வளர்வது பெண் மீன்தான்.

இந்த மீனுக்குத் தொடக்கத்தில் அவ்வளவு மதிப்பு இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் செல்வர்கள் டிரவுட் என்னும் மீனைத்தான் கனவான்களின் மீன் என்று கொண்டாடினார்கள். பாஸ் மீன் சாதாரண மக்களின் மீனாகவே இருந்தது. அது நாடெங்கும் பரவியதற்கும் ஒரு சுவையான காரணம் உண்டு. அதுதான் புகைவண்டி. 1854-ஆம் ஆண்டில் வில்லியம் ஷ்ரைவர் என்பவர் சிறிய பாஸ் மீன்களைத் துளையிட்ட வாளியில் போட்டு, நீராவி இயந்திரத்துக்கு வேண்டிய தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டு, மலை கடந்து கொண்டுவந்தார். மேரிலாந்து மாநிலத்துக் கம்பர்லாந்து நகரில் கால்வாயில் விட்டார். அங்கிருந்து அவை பொட்டோமாக் ஆற்றில் பெருகின. இருப்புப்பாதை மனிதரை மட்டுமா இடம் பெயர்த்தது? மீனையும் இடம் பெயர்த்தது.

1881-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹென்ஷால் என்னும் மருத்துவர் கரும்பாஸ் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். எடைக்கு எடை பார்த்தால் இந்த மீனுக்கு நிகரான போராளி இல்லை என்பது அவர் வாதம். அதன் பின்னரே படித்தவர்களும் பாஸ் மீனை மதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இனி நம் தூண்டிலுக்கு வருவோம். அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாருடைய கை இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் தகடு. மின்னும் உலோகத்தைக் கண்டு மீன் பாயும் என்பது பழங்காலத்திலேயே பல நாட்டு மீனவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அமெரிக்காவில் அதைத் தொழிலாக்கியவர் ஜூலியோ பியூல். வெர்மாண்ட் மாநிலத்தில் மிருகத் தோல் வியாபாரம் செய்தவர். பொமொசீன் ஏரியில் படகில் அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்த கரண்டி நழுவி நீருக்குள் விழுந்ததாம். அது மின்னி மின்னிக் கீழே இறங்க, பெரிய மீன் ஒன்று பாய்ந்து வந்து அதைக் கவ்வியதாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியிருந்தாலும், அவர் கரண்டியின் காம்பை அறுத்துவிட்டு, குழிந்த பகுதியில் முள்ளைப் பற்றவைத்துத் தூண்டில் செய்தார் என்பதும், 1852-ஆம் ஆண்டில் கரண்டித் தூண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார் என்பதும் வரலாறு. சாப்பாட்டுக் கரண்டி ஏரியில் விழுவது எத்தனையோ பேருக்கு நேர்ந்திருக்கும். போனது போகட்டும் என்று அவர்கள் விட்டிருப்பார்கள். விழுந்த கரண்டி எப்படி விழுந்தது என்று பார்த்தவருக்கே அது புதுப்பொருளாயிற்று.

அடுத்து, எறிந்த தூண்டிலை இழுக்கும் உருளை. கனமான பொய் இரையைத் தொலைவில் எறிந்து விரைவாக இழுக்கவேண்டுமானால் வெறும் கம்பும் கயிறும் போதாது. கெண்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்னும் சிற்றூரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி இருந்தார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கடிகாரத்துக்குள் இருக்கும் பல்சக்கரங்களைப் போலவே சக்கரங்கள் செய்து உருளையில் பொருத்தினார். கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்றுச் சுற்றியது. நேரத்தைக் காட்டும் சக்கரம் மீனை இழுக்கும் சக்கரமாயிற்று.

நூறாண்டுக்கு மேல் கழித்து இன்னொரு கடிகாரக்காரர் வந்தார். டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆர். டி. ஹல் என்பவர் அவர். பழைய உருளைகளில் கயிறு சிக்கிக்கொள்ளும். கயிற்றுச் சிக்கலைப் பிரித்தே பாதி நாள் போய்விடும். ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுபவர், அசையாமல் நிற்கும் நூற்கண்டின் முனையிலிருந்து நூலைச் சரசரவென்று உருவுவதை ஹல் கண்டார். கண்டு சுற்றவில்லை, நூல்தான் முனை வழியாக வழுக்கி வந்தது. இதைப் போலவே தூண்டில் உருளையும் அசையாமல் நின்று கயிற்றை விட்டால் சிக்காதல்லவா? 1947-ஆம் ஆண்டில் அவர் தம் திட்டத்தை ஒக்லஹோமா மாநிலத்துத் தல்சா நகரில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்துவந்த ஒரு தொழிற்சாலையிடம் கொண்டுபோனார். 1949-ஆம் ஆண்டில் ஜெப்கோ என்னும் பெயரால் புகழ்பெற்ற உருளை பிறந்தது. சிறு பிள்ளையும் எறியத்தக்க எளிய உருளை அது.

மூன்றாவதாக, பொய் இரை என்னும் எண்ணம். மிச்சிகன் மாநிலத்து டௌவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெட்டன் என்ற தேனீ வளர்ப்பவர் இருந்தார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நாள், ஆலைக் குளத்தருகே நண்பருக்காகக் காத்திருந்த நேரத்தில், பேனாக்கத்தியால் மரக்குச்சி ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தாராம். நண்பர் வந்ததும் குச்சியை நீரில் எறிந்தார். பாஸ் மீன் ஒன்று பாய்ந்து அந்தக் குச்சியை அடித்தது. உயிரில்லாத மரக்கட்டையையும் மீன் தாக்கும் என்பதை அன்று அவர் கண்டுகொண்டார். மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய தூண்டில்கள் அவர் வீட்டுத் தொழிலாயின. பிறகு பெரிய நிறுவனமாக வளர்ந்தன.

நான்காவதாக, பின்னால் கோக்கும் பிளாஸ்டிக் வால். இங்கேதான் நம் தோட்டத்து மக்கள் சற்று நிமிர்ந்து உட்காரவேண்டும். ஒஹையோ மாநிலத்தில் அக்ரன் என்று ஒரு நகரம். உலகின் ரப்பர்த் தலைநகரம் என்று அதற்குப் பெயர். பெரும் டயர்த் தொழிற்சாலைகள் அங்கே இருந்தன. மலாயாவில் நம் பாட்டன்மார் விடியுமுன் எழுந்து வெட்டிய பால், தகடாகவும் கட்டியாகவும் கப்பலேறிப் பெருமளவில் அமெரிக்காவுக்குப் போயிற்று. டயராக மாறிற்று. அந்த அக்ரன் நகரத்தில்தான் நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி தம் மனைவியோடு சேர்ந்து, வீட்டுச் சமையல் அடுப்பில் பிளாஸ்டிக்கையும் எண்ணெயையும் சாயத்தையும் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தார். உண்மையான மண்புழுவிலிருந்து அச்சு எடுத்து, அதில் ஊற்றினார். 1949-ஆம் ஆண்டில் அவர் செய்த பிளாஸ்டிக் புழு விற்பனைக்கு வந்தது. நீரில் நெளியும், கையில் அழுகாத புழு அது. இன்று பெரிய தகடு ஜிக்கின் பின்னால் ஆடும் ஒவ்வொரு பிளாஸ்டிக் வாலும் அந்தச் சமையலறைப் புழுவின் வழித்தோன்றலே.

குஞ்சத்தையும் மறந்துவிடக் கூடாது. பழைய ஜிக்குகளில் மான் மயிரைக் கட்டினார்கள். பிறகு ரப்பர் இழைகளைக் கட்டினார்கள். நீரில் ஒவ்வொரு இழையும் தனித்தனியே விரிந்து சுருங்கி, உயிருள்ளது போலத் தோன்றும். இப்போது பெரும்பாலும் சிலிக்கோன் இழைகள் வந்துவிட்டன. ஆயினும் இயற்கை ரப்பர் இழைக்கு இணையில்லை என்று சொல்லும் தூண்டிற்காரர்கள் இன்றும் உண்டு.

இப்படிப் பல கைகள் சேர்ந்து செய்த கருவிகளோடு ஏரிக்குப் போனவர்களில் ஒருவருடைய கதையை இங்கே சொல்லியாகவேண்டும். 1932-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் கடும் பஞ்ச காலம். வேலையில்லாமை எங்கும் பரவியிருந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை உழவர் வாழ்ந்தார். வயது இருபதை ஒட்டியிருந்தது. தந்தையை இழந்த குடும்பம். தாயையும் உடன்பிறந்தவர்களையும் காப்பாற்றும் பாரம் அவர் தலைமேல். ஜூன் 2-ஆம் நாள். மழை பெய்து நிலம் சேறாகிக் கிடந்தது. ஏர் பூட்ட முடியவில்லை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை என்று அறிந்த நமக்கு, அந்த இளைஞருடைய மனநிலை புரியாததன்று. வேலை இல்லாத நாளில் வீட்டுக்குச் சோற்றுக்கறியாவது தேடலாம் என்று அவர் ஒரு நண்பரோடு மான்ட்கோமரி ஏரிக்குப் போனார். இருவருக்கும் சேர்த்து இருந்தது மரத்தால் செய்த ஒரே ஒரு பொய் இரை.

அந்தப் பொய் இரையைக் கவ்வியது 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பெருவாய்ப் பாஸ். ஏறத்தாழ 10 கிலோ! பக்கத்து ஊரான ஹெலினாவில் எடை போட்டார்கள். ஒரு பத்திரிகையின் போட்டிக்கு விவரத்தை அனுப்பினார். 75 டாலர் பெறுமான பொருள்கள் பரிசாக வந்தன. மீன் என்ன ஆயிற்று? கண்ணாடிப் பெட்டிக்குள் போகவில்லை. வீட்டுக்குப் போயிற்று. தாய் சமைத்தார். குடும்பம் சாப்பிட்டது. உலகச் சாதனை மீன் ஓர் ஏழைக் குடும்பத்தின் பசியாற்றியது. அந்தச் சாதனையை 77 ஆண்டுகளுக்கு எவரும் எட்டிப்பிடிக்கவில்லை.

பெர்ரி மீன் பிடித்த அடுத்த ஆண்டில், 1933-இல், அமெரிக்க அரசாங்கம் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அமைப்பை ஏற்படுத்தியது. வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் கொடுக்கவும் வரிசையாக அணைகள் எழும்பின. அலபாமாவின் கண்டர்ஸ்வில் அணை 1939-இல் முடிந்தது. ஏழை வீடுகளில் விளக்கு எரிந்தது உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கான உழவர் குடும்பங்கள் நிலத்தையும் வீட்டையும் மூதாதையர் கல்லறைகளையும் விட்டு வெளியேறியதும் உண்மை. அவர்கள் வயல்களும் மரங்களும் சாலைகளும் நீருக்குள் மூழ்கின. மூழ்கிய மரக்கட்டைகளிலும் பின்னர் வளர்ந்த நீர்ப்புல்லிலும் பாஸ் மீன் செழித்தது. இன்று உல்லாசப் படகுகள் ஓடும் நீருக்கடியில் ஒரு காலத்தில் மக்கள் உழுத நிலம் இருக்கிறது. வளர்ச்சிக்காக இடம் விட்டுப் போவது என்றால் என்ன என்பது, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் மாறியபோதும் வெளியேறிய நம் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

புதிய ஏரிகள் பெருகின. எளிய உருளைகள் மலிந்தன. பாஸ் பிடிப்பது கோடிக்கணக்கானோரின் பொழுதுபோக்காயிற்று. 1967-ஆம் ஆண்டில் ரே ஸ்காட் என்னும் காப்புறுதி முகவர், ஆர்க்கன்சா மாநிலத்துப் பீவர் ஏரியில் ஒரு போட்டி நடத்தினார். 106 பேர் ஆளுக்கு 100 டாலர் கட்டிக் கலந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே பாஸ் பிடிப்போருக்கு ஒரு நாடு தழுவிய சங்கம் அமைத்தார். போட்டிகள் பெருகவே, பிடித்த மீன்களெல்லாம் செத்துக் குவிந்தன. இப்படியே போனால் ஏரியில் மீன் மிஞ்சாது என்ற அச்சம் எழுந்தது. 1972-ஆம் ஆண்டில் அவர் புது வழக்கம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிடித்த மீனைப் படகிலேயே நீர்த்தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, எடை போட்டபின் மீண்டும் ஏரியில் விட்டுவிடவேண்டும். பசிக்காகப் பிடித்த பெர்ரி மீனைச் சாப்பிட்டார்; அதில் தவறில்லை. விளையாட்டுக்காகப் பிடிப்பவன் உயிரைத் திருப்பிக் கொடுக்கட்டும். இரண்டும் வெவ்வேறு அறம்.

இந்தப் பின்னணியில்தான் நம் தகடு ஜிக் பிறந்தது. தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த ரோன் டேவிஸ் என்பவரும் அவர் மகனும் ஜிக்கின் கண்ணிலேயே நேராகத் தகட்டைப் பொருத்தி, அதனைச் சேட்டர்பெய்ட் என்ற பெயரில் விற்றார்கள். சேட்டர் என்றால் ஓயாமல் கடகடவென்று பேசுவது. பெயருக்கேற்பத் தகடு தலையில் மோதிக் கடகடக்கும். முதலில் அது சுற்றுவட்டாரத்துக்குள் மட்டும் தெரிந்த பொருளாக இருந்தது. 2006-ஆம் ஆண்டில் புளோரிடாவின் ஒக்கீச்சோபி ஏரியில் நடந்த ஒரு போட்டியில் பிரையன் திரிப்ட் என்னும் இளைஞர் அதைக் கொண்டே வென்றார். செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. கடைகளில் அது கிடைக்காத நிலை ஏற்பட்டது. பிறகு பல நிறுவனங்கள், ஜப்பானிய நிறுவனங்கள் உட்பட, பலவகைத் தகடு ஜிக்குகளைச் செய்யத் தொடங்கின.

இனி நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். மீன் ஏன் இதைக் கவ்வுகிறது? மீனின் உடலில் தலைமுதல் வால்வரை இரு பக்கமும் ஒரு கோடு ஓடுவதை மீன் கழுவும் தாய்மார்கள் கண்டிருப்பார்கள். அது வெறும் கோடு அன்று. அங்கே சிறு துளைகளும், துளைகளுக்குள் நுண்ணிய மயிர் போன்ற உணர்வணுக்களும் உள்ளன. அருகில் தண்ணீர் அசைந்தால் அவை வளைந்து மூளைக்குச் செய்தி சொல்லும். கலங்கிய நீரிலும் இருட்டிலும் கண் செய்ய முடியாததை இந்தப் பக்கக்கோடு செய்யும். மீனுக்கு உட்காதும் உண்டு. சற்றுத் தொலைவிலிருந்து வரும் ஒலியை அது கேட்கும். தகடு துடிக்கும்போது ஓர் இரைமீன் வாலை அடித்து ஓடுவது போன்ற அதிர்வு நீரில் பரவுகிறது. காது கேட்கிறது, பக்கக்கோடு உணர்கிறது, கண் மின்னலைக் காண்கிறது. மூன்றும் ஒரே செய்தியைச் சொல்ல, மீன் பாய்கிறது.

பெரிய தகடு எதற்காக? சிறு தகடு வேகமாகப் படபடக்கும். பெரிய தகடு மெதுவாக, கனத்து அடிக்கும். அதிகத் தண்ணீரைத் தள்ளும். ஈயத் தலை கனமானதால், விரைவாக இழுத்தாலும் தூண்டில் மேலே மிதந்து வராமல் ஆழத்திலேயே ஓடும். பெரிய பாஸ் மீன் ஒரு சிறு குஞ்சைத் துரத்திச் செலவழிக்கும் வலிமைக்கு அந்தக் குஞ்சு ஈடாகாது. ஒரே பாய்ச்சலில் வயிறு நிறையும் இரையே அதற்கு இலாபம். ஆகவே பெரிய தூண்டில் பெரும்பாலும் சிறு மீன்களைத் தவிர்த்துப் பெரிய மீனைத் தேடுகிறது. ஆனால் ஒன்று. பெரிய தூண்டில் போடுபவர் நாள் முழுவதும் எறிந்தும் ஒன்றும் கிடைக்காமல் திரும்ப நேரலாம். தடித்த கம்பும் வலுவான கயிறும் வேண்டும், தோளும் வலிக்கும். பொறுமை இல்லாதவருக்கு அது உகந்ததன்று.

நேயர்களே, நாணயத்துக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நம் பாடம் அரைகுறையாகிவிடும்.

முதலாவது, ஈயம். ஈயம் நஞ்சு. அறுந்துபோன சிறு ஈயத் தூண்டில்களை லூன் என்னும் நீர்ப்பறவைகள் விழுங்கி மடிவதைக் கண்ட நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், 1 அவுன்சும் அதற்குக் குறைவும் எடையுள்ள ஈய ஜிக்குகளின் விற்பனையையும் நன்னீரில் அவற்றின் பயன்பாட்டையும் தடைசெய்தது. இங்கிலாந்தில் அன்னங்கள் மடிந்தபடியால் 1987-இலேயே சிறு ஈயக் குண்டுகளுக்குத் தடை வந்தது. பறவைக்கு நஞ்சானது பிள்ளைக்கும் நஞ்சுதான். வலைக்கோ தூண்டிலுக்கோ வீட்டு அடுப்பில் ஈயம் உருக்கக் கூடாது. ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கத்தையும் பிள்ளைகளிடம் கண்டால் உடனே தடுக்கவேண்டும். இதைப் பள்ளியில் நாங்கள் சொல்வதோடு, வீட்டில் நீங்களும் சொல்லவேண்டும்.

இரண்டாவது, மீனை அதன் இடத்தைவிட்டுப் பெயர்ப்பது. 1925-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு ஆஷி ஏரியில் அமெரிக்கப் பாஸ் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். பின்னர் அது ஏரிக்கு ஏரி பரவியது. ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவிலும் 1970-களில் அது காணப்பட்டது. பிவா ஏரிக்கே உரிய சிறு மீன்களை அது தின்றது. தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பிடித்து, சோற்றோடு புளிக்கவைத்து உண்டும் விற்றும் வாழ்ந்த மீனவர் குடும்பங்கள் தவித்தன. பிடித்த பாஸ் மீனை மீண்டும் ஏரியில் விடக்கூடாது என்று அந்த வட்டாரத்தில் 2003-இல் விதி வந்தது. 2005-இல் நாடு தழுவிய சட்டமும் வந்தது. அமெரிக்காவில் திருப்பி விடுவது அறம். பிவாவில் திருப்பி விடாததே அறம். இடத்துக்கு இடம் கடமை மாறுவதைப் பாருங்கள்.

இதே பிவா ஏரியில் 2009-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் மனாபு குரிட்டா என்பவர் 22 பவுண்டு 4.97 அவுன்ஸ் பாஸ் மீனைப் பிடித்தார். பெர்ரியின் மீனைவிட ஓர் அவுன்சுக்கும் குறைவான மிகுதி. முந்திய சாதனையை முறியடிக்க அந்தச் சிறு வேறுபாடு போதாது என்பது விதி. ஆகவே ஏழை உழவரும் ஜப்பானியரும் சமநிலையில் வைக்கப்பட்டார்கள். உலகின் மிகப் பெரிய பாஸ் மீன்களில் ஒன்று, அது இருக்கவே கூடாத ஓர் ஏரியில் பிடிபட்டது.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் இருந்துவிட முடியாது. நம் பழைய ஈயக்குட்டைகளிலும், சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களிலும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த மயில்பாஸ் என்னும் மீன் இன்று பெருகியிருக்கிறது. பெயரில் பாஸ் இருந்தாலும் அது திலாப்பியாவுக்கு உறவான வேறு இனம். வண்ணத்தைப் பார்த்து மயங்கி, அதன் குஞ்சுகளைத் தகரத்தில் பிடித்துவந்து தோட்டத்து ஆற்றில் விடுவது பிள்ளைகளுக்கு விளையாட்டாகத் தோன்றலாம். விரால் குஞ்சுக்கும் கெளுத்திக் குஞ்சுக்கும் அது விளையாட்டன்று. தொட்டி மீனானாலும் குட்டை மீனானாலும், ஓரிடத்து மீனை வேறிடத்து நீரில் விடாமலிருப்பது நம் பிள்ளைகளும் கடைப்பிடிக்கக்கூடிய எளிய நல்லொழுக்கம்.

நேயர்களே, பெற்றோர்களே! ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் தூண்டிலுக்குள் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்று பார்த்தோம். கரண்டி விழுந்ததைப் பார்த்தவர், நூற்கண்டைப் பார்த்தவர், எறிந்த குச்சியைப் பார்த்தவர் எல்லாருமே உழைத்து வாழ்ந்த சாதாரண மனிதர்கள். அவர்களுக்குப் பொதுவாக வாய்த்திருந்தது கூர்ந்து நோக்கும் கண். மரத்தின் பட்டையில் எவ்வளவு ஆழம் வெட்டினால் பால் வரும், எவ்வளவு ஆழம் போனால் மரம் காயப்படும் என்று இருட்டிலேயே அறிந்த கைகள் நம் மக்களுடைய கைகள். அந்தக் கூர்மை நம் குடும்பங்களில் இல்லாமற்போகவில்லை. பிள்ளை ஆற்றங்கரையில் நின்று, "ஏம்ப்பா, அந்த மீன் இதைக் கடிக்குது, அதைக் கடிக்கமாட்டேங்குது?" என்று கேட்டால், சும்மா இரு என்று அதட்டாதீர்கள். விடை தெரியாவிட்டால், நாளை பள்ளியில் கேட்டு வா என்று அனுப்புங்கள். அறிவியலும் வரலாறும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன.